குழாயில் கேட்டால் சரியாக இருக்கும்

கோவில்பட்டி
9.2.2004

அழகுத்தாய்க்கு அண்ணன் பூவனநாதன் எழுதுவது.

இத்துடன் ஒரு கேசட் வருகிறது. பழைய பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். நீ தையல்காரி, எதையும் கத்தரிக்கோலால்தான் பிரிப்பாய். இதைக் கையால் பிரி.

போன மாதம் இரண்டு நாள் என் கடைக்கு வந்து நீ பாடியது வெறும் குரல். அதற்கப்புறம் சிவனாண்டியை வரவழைத்து உறுமி வாசிக்கவைத்தேன். தாளமும் அவன்தான். ஆர்மோனியம் நான். எல்லாம் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. குரல் ஒரு கோடு, உறுமி ஒரு கோடு, தாளம் ஒரு கோடு, ஆர்மோனியம் ஒரு கோடு. எந்தக் கோட்டை எவ்வளவு ஏற்றலாம், எதை எங்கே இறக்கலாம் என்று பார்த்துப் பார்த்து ஒன்றாகச் சேர்ப்பதற்குப் பெயர் மிக்ஸிங். மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் மூடியபோது வாங்கிய கம்ப்யூட்டர் இது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் குழாயும் மைக்கும் கட்டுகிற ரேடியோ செட் வேலையையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு பாட்டுக்கும் சேர்த்துப் பதினேழு நாள் உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த ஆசிபா என்கிற பிள்ளை கடைக்கு வந்து, "எங்க தையல் யூனிட்ல ஒரு அக்கா சொந்தமா பாட்டுக் கட்டிப் பாடுவாவ அண்ணாச்சி, ரெக்கார்டு போட்டுத் தரணும்" என்று கேட்டாள். அந்த அக்கா யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் நான் முடியாது என்பேன் என்று நீதான் வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறாய். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கூடப் பிறந்தவளுக்கு அது தெரியவில்லை. நீ படியேறி வந்தபோது நான் "ரெடியா" என்று கேட்டேன், நீ "ம்" என்றாய். இரண்டு நாளும் அவ்வளவுதான் பேச்சு. ஐம்பத்து மூன்று வயதில் உனக்கு இவ்வளவு வீம்பு ஆகாது.

ஏப்ரல் 27, செவ்வாய்க்கிழமை, நம் ஊர் ஆவாரங்குளத்தில் அம்மன் கொடை. வழக்கம்போல ரேடியோ செட் என்னுடையது. பெரியப்பா மகன் பெருமாள்சாமிதான் இப்போது விழாக் கமிட்டித் தலைவர். அவனிடம் பேசிவிட்டேன். காலையில் முதலில் உன் கேசட்தான் ஓடும். அதற்குள் ஐம்பது பிரதி போடவேண்டும். நீ சரி என்று எழுதினால் ஆரம்பிப்பேன்.

குறை இருந்தால் எந்தப் பாட்டு, எந்த இடம், என்ன செய்யவேண்டும் என்று எழுது. "நல்லா இல்ல" என்று ஒரு வரி எழுதினால் பதில் வராது. குறை இருக்காது.

பூவனநாதன்


புதியம்புத்தூர்
16.2.2004

அண்ணனுக்கு அழகுத்தாய்.

கேசட் வந்தது. கையால்தான் பிரித்தேன்.

மூன்று விதமாகக் கேட்டேன். வீட்டில் தனியாக என் டேப் ரிக்கார்டரில் ஒரு தடவை. யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் எல்லாம் நின்றிருக்கும்போது ஒரு தடவை. பிறகு பன்னிரண்டு மிஷினும் ஓடும்போது ஒரு தடவை. இந்தப் பாட்டுக்கள் நான் காலர் தைத்துக்கொண்டே கட்டியவை, மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியம் சுத்தமாக இருக்கிறது. இந்த வயதில் உங்கள் விரல் இவ்வளவு ஓடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் என் குரல் உடைகிற இடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அது சரி. வேறு யாராவது என்றால் திரும்பப் பாடு என்றிருப்பார்கள்.

இப்போது குறை. எல்லாப் பாட்டிலும் என் குரல் பின்னால் இருக்கிறது. நான் அடுத்த தெருவில் நின்று பாடுகிறேன், உறுமி மட்டும் யூனிட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மிஷின் ஓடும்போது உறுமியைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஆசிபா சிரிக்காமல் கேட்டாள்: "அக்கா, இது சிவனாண்டி மாமா கேசட்டா? நீங்க சும்மா தொணைக்குப் போயிருந்தியளா?" யூனிட்டே சிரித்தது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர், என் பாட்டைக் கேட்டறியாதவர்கள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு வரி சொல்லச் சொன்னேன். இருவரும் உறுமி அடியை வாயால் அடித்துக் காட்டினார்கள். பாட்டில் ஒரு சொல் வரவில்லை.

ஆகவே குரலை முன்னால் கொண்டுவாருங்கள், உறுமியை இறக்குங்கள். முழுக்க வேண்டாம், அந்தக் "கும்" என்று வயிற்றில் இடிக்கிறதே, அதை மட்டும்.

நான்காவது பாட்டில் எக்கோ போட்டிருக்கிறீர்கள். கிணற்றுக்குள் இறங்கிப் பாடியதுபோல இருக்கிறது.

"நூறு சட்டை தச்சாச்சு, நூல்கண்டு தீந்தாச்சு,
எம்மவன் சட்டைக்குப் பொத்தான்வைக்க நேரமில்ல"

இதை ஒருத்தி மிஷின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே பாடுகிறாள். மண்டபத்தில் நின்று ஊருக்குச் சொல்லவில்லை. எக்கோவை எடுத்துவிட்டால் பக்கத்தில் வந்துவிடுவாள்.

அதே பாட்டில் "டிக், டிக்" என்று ஒரு சத்தம். தாளத்துக்காகக் கையிலிருந்த கத்தரிக்கோலை நான் திறந்து மூடியது பதிவாகியிருக்கிறது. பழக்க தோஷம். அதையும் எடுத்துவிடுங்கள், அசிங்கமாக இருக்கிறது.

வேலை வீண் என்று சொல்லவில்லை. முக்கால் கிணறு தாண்டியிருக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன், முழுக்கத் தாண்டி, இறங்குகிற இடத்தில் கால் பிசகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அழகுத்தாய்


கோவில்பட்டி
20.2.2004

அழகுத்தாய்க்கு,

குறை சொல்லும் முறை தெரிந்து எழுதியிருக்கிறாய். அதை மறுக்கவில்லை. சொன்ன குறை அத்தனையும் தப்பு.

இந்தப் பதினேழு நாளும் நான் எப்படி மிக்ஸிங் செய்தேன் என்று உனக்குத் தெரியாது. டேப் ரிக்கார்டரில் கேட்டுச் செய்யவில்லை. கடை மாடியில் குழாயைக் கட்டினேன். கொடைக்கு வேப்பமரத்தில் கட்டுவேனே, அதே கூம்புக் குழாய். பாட்டை ஓடவிட்டுவிட்டு இறங்கி, தெருவில் அறுபது அடி நடந்து, கோழிக்கடை முன்னால் நின்று கேட்பேன். திரும்பி வந்து ஒரு கோட்டை ஒரு இழை ஏற்றுவேன். மறுபடியும் நடப்பேன். டீக்கடைக்காரன், "என்ன அண்ணாச்சி, அங்கனையும் இங்கனையுமா நடக்குதிய, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாவளா?" என்று கேட்டான். மூன்றாம் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு செய்த வேலை.

குழாயின் குணம் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தாலுகாவில் வேறு ஒருவனுக்குத் தெரியாது. கனத்த சத்தம் குழாயில் வராது. உறுமியின் "கும்" அதில் பாதி செத்துவிடும். அதனால் ஏற்றித்தான் வைக்கவேண்டும். பொம்பளைக் குரல் குழாயில் ஈட்டிபோலப் பாயும், கேட்கிறவன் காது கூசும். அதனால் இறக்கித்தான் வைக்கவேண்டும். இது கணக்கு. என் விருப்பு வெறுப்பு இதில் இல்லை. எக்கோவும் அப்படித்தான். கரிசல்காட்டில் எதிரொலிக்க ஒரு மலை கிடையாது. பாட்டு காற்றில் போய்க் கரைந்துவிடும். கொஞ்சம் எக்கோ இருந்தால்தான் நிற்கும்.

கத்தரிக்கோலை எடுக்க முடியாது. அது உன் குரலோடு ஒரே கோட்டில் இருக்கிறது. முடிந்தாலும் எடுக்கமாட்டேன். அந்தப் பாட்டில் தாளம் என்று ஏதாவது ஒன்று உயிரோடு இருந்தால் அது அந்தக் கத்தரிக்கோல்தான். சிவனாண்டியிடம் இதைச் சொல்லாதே.

பன்னிரண்டு மிஷினை ஓடவிட்டு ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, பாட்டு சரியில்லை என்கிறாய். நல்லது. குழாயில் கேட்டால் சரியாக இருக்கும்.

பூவனநாதன்


புதியம்புத்தூர்
28.2.2004

அண்ணனுக்கு,

எங்கள் வீட்டில் குழாய் கட்ட வேப்பமரம் இல்லை. யூனிட்டிலும் இல்லை. கேசட் வாங்குகிற எந்தப் பெண்ணும் அதைச் சமையல்கட்டில் வைத்துக் கேட்பாள், தையல் மிஷின் பக்கத்தில் வைத்துக் கேட்பாள். கொடை ஒரு நாள். மற்ற முந்நூற்று அறுபத்தைந்து நாளும் என் பாட்டு வீட்டுக்குள்தான் இருக்கும். ஐம்பது வீட்டில் இருக்கப்போகிற பாட்டை ஒரு மரத்துக்காகச் செய்திருக்கிறீர்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பொம்பளைக் குரலை இறக்கித்தான் வைக்கவேண்டும் என்ற வரி.

1970 கொடை. எனக்குப் பத்தொன்பது வயது. உங்களுக்கு முப்பது, புதிதாக ரேடியோ செட் வாங்கியிருந்தீர்கள். கும்மி முடிந்ததும், "ஏட்டி அழகுத்தாயி, மைக்ல வந்து ஒரு பாட்டுப் படி" என்று எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டது நீங்கள். அம்மன் பேரில் நானே கட்டிய பாட்டு அது. முதல் நான்கு வரி குளத்தங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது வரியில் காணோம். நான் பாடிக்கொண்டிருக்கிறேன், வாய் அசைகிறது, குழாயில் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் உங்கள் கை பெட்டி மேல் இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கு முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன்.

மறுநாள் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைகாசியில் கல்யாணம் ஆகி இங்கே வந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷமாக, கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் "வந்தியா", "சாப்ட்டியா" என்று இரண்டு சொல்லோடு நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது யூனிட் பிள்ளைகள் பிடுங்கல் தாங்காமல் உங்களிடம் வந்தேன். ரெக்கார்டு போட வேறு ஆட்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். ஆனாலும் உங்களிடம் வந்தேன். மறுபடியும் என் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

இந்தக் கேசட்டைக் கொடைக்குப் போடவேண்டாம். பிரதியும் எடுக்கவேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடிதம்தான் எனக்கு வசதி. நான் முடிக்கிறவரைக்கும் இதை நீங்கள் குறைக்க முடியாது.

அழகுத்தாய்


கோவில்பட்டி
5.3.2004

அழகுத்தாய்க்கு,

1970-ல் மைக் ஊளையிட்டது. குழாய்க்கு முன்னால் மைக்கை வைத்தால் குழாயின் சத்தம் மைக்குக்குள் போய், திரும்பக் குழாயில் வந்து, "ஊ" என்று கத்தும். அன்றைக்கு எனக்கு அனுபவம் போதாது, இடத்தைத் தப்பாக வைத்துவிட்டேன். கத்தினால் குறைக்காமல் என்ன செய்வது? கோடி ரூபாய் செட் வைத்திருப்பவனும் அதைத்தான் செய்வான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முப்பத்து நான்கு வருஷம் ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

கேசட் வேண்டாம் என்றால் வேண்டாம். பெருமாள்சாமியிடம் சொல்லிவிடுகிறேன். டப்பாவை மட்டும் திருப்பி அனுப்பு.

பூவனநாதன்


புதியம்புத்தூர்
22.3.2004

அண்ணனுக்கு,

டப்பா இப்போது என்னிடம் இல்லை. ஆசிபா அதில் பொத்தான் போட்டுவைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக. போன வியாழக்கிழமை எங்கள் யூனிட்டுக்கு எதிர் டீக்கடையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தாராம். வெள்ளைச் சட்டை, பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்குரு டிரைவர். பதினொரு மணிக்கு வந்தவர் ஒரு மணிவரை எழுந்திருக்கவில்லை. சர்க்கரை இல்லாத டீ மூன்று. உள்ளே டேப் ரிக்கார்டர் ஓடும்போதெல்லாம் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு இன்னொரு காதைச் சன்னல் பக்கம் திருப்பினாராம். நான் அன்று கட்டிங் சாமானுக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன்.

ஆசிபா வெளியே போய், "என்ன அண்ணாச்சி, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒருத்தரையும் பாக்கண்டாம். வெயிலுக்கு உக்காந்திருக்கேன்."

"வெயில் நீங்க உக்காந்திருக்க பக்கம்லா அடிக்கி."

"நீ ஒன் சோலியப் பாரு தாயி."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "அந்த ரெண்டாவது பாட்ட இன்னொரு தடவ போடு" என்றாராம். அவள் போட்டாள். முடிந்ததும் "மிஷினை நிறுத்தாம போடு" என்றாராம். அதையும் போட்டாள். அதற்கப்புறம் அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைசி டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களைப்போலவே இருந்தார் என்று ஆசிபா சொல்கிறாள். நீங்களாக இருக்காது என்று நான் சொன்னேன். என் அண்ணன் தான் செய்த வேலையைச் சரிபார்க்க அடுத்த ஊருக்குப் பஸ் ஏறி வருகிற ஆள் இல்லை என்றேன்.

அழகுத்தாய்


கோவில்பட்டி
5.4.2004

அழகுத்தாய்க்கு,

நான் அன்று மணியாச்சி ஜங்ஷனில் ஒரு ஆளைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அது புதியம்புத்தூர் போகிற பஸ் என்று தெரிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

புதிய கேசட் வைத்திருக்கிறேன். நீ கேட்டாய் என்பதற்காகச் செய்யவில்லை. என் வேலையில் பிழை என்று எனக்கே தெரிந்த பிறகு அதை அப்படியே விட முடியாது என்பதற்காகச் செய்தேன். பிழை இதுதான். நாற்பது வருஷமாக நான் எந்தப் பாட்டையும் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டதில்லை. கல்யாண வீட்டிலும் கோவில் வாசலிலும் குழாய்க்குக் கீழேதான் கேட்டிருக்கிறேன். குழாயில் எது குறையுமோ அதைக் கூட்டியும், எது கூடுமோ அதைக் குறைத்தும் என் காது பழகிவிட்டது. குழாய் இல்லாத இடத்தில் அதே கேசட்டைப் போட்டால், கூட்டியது கூடினபடியே நிற்கிறது, குறைத்தது குறைந்தபடியே நிற்கிறது. அந்த டேப் ரிக்கார்டரில் உறுமி மாட்டுவண்டி ஏறியதுபோல வந்தது. உன் குரல் வரவில்லை. ஒரு டீயைக் குடிக்க முடியாத அளவுக்கு வரவில்லை.

ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். உன்னிடம் இருப்பதைப்போல ஒற்றை ஸ்பீக்கர் வைத்தது, சின்னது. அதைச் சமையல்கட்டில் வைத்து, மிக்ஸியை ஓடவிட்டுக் கேட்டேன். உன் மதினி, "சட்னி அரைச்சு முடிஞ்சு அரைமணி நேரம் ஆச்சு, வெறும் மிக்ஸிய ஓட்டுதியளே, என்ன ஆச்சு ஒங்களுக்கு" என்று கத்தினாள். மிக்ஸி சத்தத்தைத் தாண்டி உன் சொல் ஒவ்வொன்றும் காதில் விழும்வரை குரலை ஏற்றினேன். உறுமியில் அடிச்சத்தத்தை மட்டும் சீவினேன். எக்கோவை நான்காவது பாட்டில் எடுத்துவிட்டேன். மற்றதில் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

கத்தரிக்கோல் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாதே.

கொடைக்கு வேறு ஒரு கேசட் தனியாகச் செய்திருக்கிறேன், குழாய்க்கென்று. அதிலும் உன் குரல் மேலேதான் இருக்கிறது. இங்கே நான் ஒன்று கண்டுபிடித்தேன். பொம்பளைக் குரல் குழாயில் குத்துகிறது என்று எழுதினேன் அல்லவா, குத்துவது குரல் முழுக்க இல்லை. அதற்குள் மூக்குக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்த ஒரு இடத்தை மட்டும் பிடித்துக் கொஞ்சம் அமுக்கினால் போதும், மீதிக் குரலை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், காது கூசாது. இத்தனை வருஷமாக அந்தத் துளிக்காக மொத்தத்தையும் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லா ரேடியோ செட்காரனும் அப்படித்தான் இறக்குகிறான். என்னைப்போல உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கேட்டுவிட்டு எழுது. குறை இருக்காது என்று இந்தத் தடவை எழுதவில்லை, பார்த்துக்கொள்.

பூவனநாதன்


புதியம்புத்தூர்
12.4.2004

அண்ணனுக்கு,

சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, மிஷின் ஓடும்போது ஒன்று, வீட்டில் ஒன்று என்று பழையபடியே மூன்று தடவை கேட்டேன்.

முதல் பாட்டு முடிவதற்குள் மூலை மிஷினில் இருக்கிற முத்துச்செல்வி காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் மிஷின் நின்றது. பக்கத்து மிஷின் நின்றது. பொத்தான் பாட்டு வரும்போது பன்னிரண்டும் நின்றிருந்தன. மிஷின் ஓடும்போது கேட்கிற பரீட்சையை அதனால் முழுதாக நடத்த முடியவில்லை. ஆசிபா, "இப்பதான் அக்கா நீங்க உள்ள வந்திருக்கிய" என்றாள். புதுப் பிள்ளைகள் இரண்டு பேரும் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இப்போது பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. எக்கோவை எடுத்த பிறகு அந்த "டிக், டிக்" என் மடியிலிருந்தே வருகிறது. எல்லாரும் அந்த இடத்துக்குத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். அசிங்கம் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மற்றப் பாட்டுக்களில் எக்கோ இன்னும் அதிகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐம்பது பிரதி எடுங்கள். கொடைக்குப் போடுங்கள். நான் மட்டும் வரவில்லை. காரணத்தையும் நீங்கள் சொன்ன முறையிலேயே எழுதுகிறேன், எது, எந்த இடம், என்ன செய்யவேண்டும் என்று.

கேசட்டில் பிழை தீர்ந்துவிட்டது. கடிதத்தில் ஒரு இடம் சரியில்லை. மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதம், முதல் வரி. மைக் ஊளையிட்டது என்ற இடம். ஊளையிட்டால் ஊரே காதைப் பொத்தும். அன்றைக்கு ஒருவரும் பொத்தவில்லை. நான் மேடையில் நின்று எல்லார் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அழகுத்தாய்


கோவில்பட்டி
17.4.2004

அழகுத்தாய்க்கு,

பிரதி ஐம்பதும் தயார். உறையில் உன் பெயரைப் பெரிதாகவும் சிவனாண்டி பெயரைச் சின்னதாகவும் போட்டிருக்கிறேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். உறுமியைச் சீவியது அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் பெயர் கீழே ஒரு மூலையில் இருக்கிறது, தேடினால் தெரியும்.

கொடைக்குச் செட் போடும் விவரம் எழுதுகிறேன். இரண்டு குழாய் கட்டுகிறேன். ஒன்று வேப்பமரத்தில், குளத்தைப் பார்த்து. இன்னொன்று தேரடியில், ஊரைப் பார்த்து. கும்மி நடக்கிற இடத்துக்கு மேற்கே மைக் நிற்கும். இரண்டு குழாயும் மைக்குக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஊளையிடாது. 1970-லும் இதேபோலத்தான் கட்டியிருந்தேன். அன்றைக்கும் ஊளையிடவில்லை. நீ ஐந்தாவது வரி ஆரம்பித்தபோது பெரியப்பா கொட்டகையிலிருந்து என்னைப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளை மைக்கில் பாடியது போதும் என்று கண்ணைக் காட்டினார். அவர் காட்டில் வேலை செய்த குடும்பங்களுக்குச் செட் போட்டுத்தான் நான் பிழைக்கவேண்டியிருந்தது, அவரை மீறினால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இது காரணம், சமாதானம் இல்லை. எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றிக் கேட்காதே.

காலையில் கேசட் ஓடும். சாயங்காலம் கும்மி முடிந்ததும் கேசட்டை நிறுத்திவிடுவேன். மைக் திறந்திருக்கும். அதில் பாட ஆள் வேண்டும். பெருமாள்சாமியிடம், "ஒங்க அப்பா மாதிரி கொட்டகைல உக்காந்து கண்ணக் காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவன், "எனக்குக் கண்ணாடி போட்டாலும் தூரத்துல ஆள் தெரியாது அண்ணாச்சி, நான் எங்க கண்ணக் காட்ட" என்றான்.

இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். என் ஆம்ப்ளிபயரில் மைக்குக்கு உரிய குமிழ். 1970-ல் இருந்த அதே பெட்டி இல்லை, அது துருப்பிடித்துப் போய்விட்டது. ஆனால் குமிழை மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் மாற்றி மாற்றிப் பொருத்தி வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாது, கைக்குப் பழகிவிட்டது. இப்போது பெட்டியில் வெறும் தண்டுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பத்துக்கு எட்டில் வைத்துக் கழற்றியிருக்கிறேன். குமிழ் இல்லாமல் அந்தத் தண்டை யாரும் விரலால் திருப்ப முடியாது, வழுக்கும். குறடு இருந்தால் திருப்பலாம். குறட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் குமிழ் வைத்திருக்கிறவர் வந்துதான் செய்யவேண்டும்.

பூவனநாதன்


புதியம்புத்தூர்
21.4.2004

அண்ணனுக்கு,

குமிழ் வந்தது. ஒரு பக்கம் கோடெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. குறைக்கிற பக்கம்.

செவ்வாய்க்கிழமை யூனிட்டுக்கு லீவு சொல்லியாயிற்று. ஆசிபா, முத்துச்செல்வியோடு காலைப் பஸ்ஸுக்கு வருகிறேன். பழைய அம்மன் பாட்டு எனக்கு மறக்கவில்லை. ஐந்தாவது வரியிலிருந்தே ஆரம்பிப்பதாக இருக்கிறேன். எட்டு போதாது. வந்ததும் ஒன்பதில் வைப்பேன்.

குறட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பையில் இருக்கிற ஸ்குரு டிரைவரையும் வைத்துவிட்டு வாருங்கள்.

அழகுத்தாய்